எல்லைப்புற ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பிறப்பைத் தேடுவது எப்படி?

ஒஹாயோ, மிசிசிப்பி, மிசௌரி, வில்லாமெட் என்று எந்த அமெரிக்க ஆற்றின் கரையில் இருக்கும் பழைய ஊரைப் பற்றித் தேட ஆரம்பித்தாலும் முதலில் வந்து நிற்பது ஒரு தேதியும் ஓர் ஆளின் பெயரும்தான். இன்னார் இந்த வருடம் வந்து இறங்கினார், மரத்தை வெட்டினார், மரக்கட்டை வீடு கட்டினார், ஊர் பிறந்தது. சிலையின் பீடம், சுற்றுலாக் கையேடு, நூற்றாண்டு விழா மலர் எல்லாம் இதையேதான் சொல்லும். அந்தத் தேதியையும் பெயரையும் ஒரு தாளில் குறித்து ஓரமாக வைத்துவிடுங்கள், அதற்குக் கடைசியில் வரலாம். ஊர் ஒரே நாளில் பிறப்பதில்லை. படகு நிற்க ஆரம்பித்த நாள், பூர்வகுடிகளிடமிருந்து நிலம் கைமாறிய நாள், யாரோ பட்டா வாங்கிய நாள், மனை பிரித்த நாள், அஞ்சலகம் வந்த நாள், சட்டப்படி நகரமான நாள் என்று ஒரே ஊருக்கு ஐந்தாறு பிறந்தநாள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காகிதம் உண்டு, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அந்த ஒத்துப்போகாமையில்தான் ஊரின் உண்மையான கதை இருக்கிறது.

முதலில் ஆற்றைப் பாருங்கள்

ரயில் வருவதற்கு முன் அந்தப் பக்கங்களில் கனமான சரக்கு போக இருந்த நல்ல வழி தண்ணீர்தான். அதனால் முதல் கேள்வி: நூற்றுக்கணக்கான மைல் கரை கிடக்கும்போது படகு ஏன் சரியாக இங்கே நின்றது?

லூயிவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோ ஆறு பிட்ஸ்பர்க்கில் தொடங்கி மிசிசிப்பியில் கலக்கும்வரை சுமார் 980 மைல் ஓடுகிறது. அத்தனை தூரத்திலும் படகை மறிக்கும் பாறைச்சரிவு லூயிவில் பக்கத்தில் மட்டும்தான், இரண்டு மைலுக்குள் சுமார் 26 அடி இறக்கம். தண்ணீர் ஏறியிருந்தால் துணிந்து ஓட்டிவிடலாம். வற்றியிருந்தால் சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, சரிவுக்குக் கீழே போய் மறுபடி படகில் ஏற்ற வேண்டும். இறக்க ஆள் வேண்டும், வைக்கக் கிடங்கு வேண்டும், காத்திருப்பவர்களுக்குத் தங்குமிடமும் சாராயமும் வேண்டும், ஊர் உருவாக வேறென்ன வேண்டும்? 1811-ல் அந்த ஆற்றில் இறங்கிய முதல் நீராவிப் படகான ‘நியூ ஆர்லியன்ஸ்’கூடத் தண்ணீர் ஏறும்வரை அங்கே காத்துத்தான் கிடந்தது. சரிவைச் சுற்றிக் கால்வாய் திறந்தது 1830-ல், அதற்குள் ஊர் வேரூன்றிவிட்டது.

எல்லா ஊருக்கும் இவ்வளவு தெளிவான காரணம் இருக்காது, ஆனால் தேடினால் ஏதாவது ஒன்று இருக்கும். மிசௌரி ஆற்றில் நீராவிப் படகு போகக்கூடிய கடைசி இடம் என்பதால் ஃபோர்ட் பென்டன். 1860-ல் அங்கே படகுகள் போய்ச் சேர்ந்தன, அதற்கு மேல் எல்லாம் மாட்டுவண்டியும் கோவேறு கழுதையும்தான். மிசௌரியும் மிசிசிப்பியும் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, வெள்ளம் எட்டாத மேட்டில் செயின்ட் லூயிஸ். கரையில் இயற்கையாகவே பாறைத் தளம் அமைந்திருந்ததால் படகைக் கட்ட வசதியாக இருந்த இடம் பின்னால் கான்சாஸ் சிட்டி ஆனது. அருவி, இரு ஆறுகள் சேருமிடம், படகு போகும் கடைசி எல்லை, மேடு, பாறைக்கரை, ஆழம் குறைந்த கடவு: உங்கள் ஊருக்கு இதில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். ஒன்றுமே பொருந்தவில்லை என்றால் அந்த ஊரை உருவாக்கியது ஆறு இல்லை, யாரோ ஒரு நில வியாபாரி என்று சந்தேகப்பட ஆரம்பிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்றைய வரைபடத்தில் இருக்கும் ஆறு அன்றைய ஆறு இல்லை. இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரான கஸ்காஸ்கியா 1703-ல் தொடங்கிய பிரெஞ்சு ஊர். 1881 வெள்ளத்தில் மிசிசிப்பி புதுப் பாதை பிடித்ததில் ஊரின் பெரும்பகுதி அழிந்து, மிச்சம் இருந்தது ஆற்றின் மேற்குப் பக்கம் போய்விட்டது. சட்டப்படி இன்னும் இல்லினாய்தான், நிலமாக மிசௌரிப் பக்கம். 1856-ல் மிசௌரி ஆற்றில் மூழ்கிய ‘அரேபியா’ என்ற நீராவிப் படகை 1988-ல் தோண்டியெடுத்தார்கள், அதுவும் ஆற்றிலிருந்து அரை மைல் தள்ளி, ஒரு வயலில், சுமார் 45 அடி ஆழத்தில். லூயிவில்லின் முதல் குடியேறிகள் 1778-ல் இறங்கிய கார்ன் தீவு அரித்து அரித்து இப்போது இல்லவே இல்லை. ஆகவே ஆரம்பகால சர்வே வரைபடத்தை எடுத்து, அதில் கரை எங்கே ஓடுகிறது என்று பார்த்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் அதைப் பொருத்திப் பார்த்த பிறகுதான் “இங்கே இறங்கினார்கள்” என்று எழுத வேண்டும்.

நிலம் யாருடையதாக இருந்தது?

பல ஊர் வரலாறுகள் இந்தக் கேள்வியை ஒரே பத்தியில் தாண்டிவிடும். ‘அடர்ந்த காடு’, ‘ஆளில்லாத வெளி’ என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். செயின்ட் லூயிஸிலும் ஒஹாயோ ஆற்றங்கரை மரியெட்டாவிலும் வந்து இறங்கியவர்கள் கண்டது பழைய சமூகங்கள் கட்டிய பிரம்மாண்டமான மண்மேடுகளை. மரியெட்டாவில் பெரிய மேட்டைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம் அமைத்ததால் அது தப்பியது, செயின்ட் லூயிஸில் பெரிய மேட்டை 1869-க்குள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள்.

1899-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட நில ஒப்படைப்பு வரைபடங்கள் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாநில வாரியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு எதிரே எந்த ஒப்பந்தம், எந்த வருடம், எந்த மக்கள் என்ற விவரம் இருக்கும். உங்கள் ஊரின் எண்ணைக் கண்டுபிடித்து, ஒப்பந்தத் தேதியை ஊர் தொடங்கிய தேதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒமாஹாவில் ஒப்பந்தம் 1854 மார்ச், நெப்ராஸ்கா பிரதேசச் சட்டம் மே மாதம், அந்தக் கோடையிலேயே மனை அளந்தாகிவிட்டது. எதிர்க்கரையில் அயோவாவில் ஆற்றைக் கடத்திவிடும் படகு நிறுவனம் ஒன்று மனை போடத் தயாராகக் காத்துக்கொண்டிருந்தது என்பது இந்த வேகத்திலேயே தெரிகிறது.

மெம்பிஸ் இன்னும் சுவாரசியம். அந்த இடம் சிக்கசா மக்களுடையது. ஆனால் 1780-களிலேயே வட கரோலினா அரசு அங்கே 5,000 ஏக்கரை ஜான் ரைஸ் என்பவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது, அதாவது தன் கையில் இல்லாத நிலத்தை. 1794-ல் ஜான் ஓவர்டன் அந்த உரிமையை வாங்கி, தன் நண்பரும் பின்னாளில் அமெரிக்க அதிபருமான ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு அதில் பங்கு கொடுத்தார். 1818-ல் சிக்கசா மக்களோடு ஒப்பந்தம் பேசி நிலத்தை வாங்கிய அரசுத் தூதர்கள் இருவர், ஒருவர் ஐசக் ஷெல்பி, இன்னொருவர் அதே ஆண்ட்ரூ ஜாக்சன். அடுத்த வருடமே, 1819-ல், ஓவர்டன், ஜாக்சன், ஜேம்ஸ் வின்செஸ்டர் மூவரும் ஊரை அளந்து மனை போட்டார்கள். ‘மூன்று தொலைநோக்காளர்கள் நிறுவிய நகரம்’ என்ற வரிக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்ப் பட்டியலையும் முதல் மனை உரிமையாளர்களின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

சில நேரம் வந்து இறங்கியவர்களுக்கே தாங்கள் யார் நிலத்தில் நிற்கிறோம் என்று தெரியாது. 1764-ல் பிரெஞ்சு வியாபாரி லக்லீடின் ஆட்கள் செயின்ட் லூயிஸை ஒரு பிரெஞ்சு ஊராகத்தான் தொடங்கினார்கள். ஆனால் 1762-லேயே ஒரு ரகசிய ஒப்பந்தத்தில் பிரான்ஸ் மிசிசிப்பியின் மேற்குக்கரையை ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது. அப்புறம் 1803-ல் அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு அந்தப் பிரதேசத்தை வாங்கியதும் பழைய ஸ்பானிய மானியங்கள் செல்லுமா செல்லாதா என்று விசாரிக்க ஆணையர்கள் வந்தார்கள். அந்த விசாரணைப் பதிவுகள் பெரிய புதையல், சாட்சி சொன்னவர்கள் யார் எந்த வருடம் எங்கே குடியிருந்தார், என்ன பயிர் செய்தார் என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள்.

தாய்ப்பத்திரம் வரை போங்கள்

அடுத்த வேலை, ஊரின் மையத்தில் இருக்கும் ஒரு மனையை எடுத்து அதன் உரிமையைப் பின்னோக்கித் தேடுவது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பத்திரப் பதிவு அலுவலகத்தில் வாங்கியவர், விற்றவர் என்று இரண்டு அட்டவணைகள் இருக்கும். இன்றைய உரிமையாளரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போனால் கடைசியில் அரசு கொடுத்த பட்டாவில் போய் நிற்பீர்கள். முழுச் சங்கிலியும் வேண்டாம் என்றால் நேராக மறுமுனையிலிருந்து பிடிக்கலாம். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் ஜிஎல்ஓ (பழைய பொது நில அலுவலகம்) பதிவுத் தளத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட நில உரிமைப் பதிவுகள் இலவசமாக இருக்கின்றன. மாநிலம், கவுண்டி, டவுன்ஷிப் எண் கொடுத்தால் போதும்.

ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒஹாயோ ஆற்றின் வடகரையில் பெரும்பாலும் 1785 சட்டத்தின்படி சதுரம் சதுரமாக அளந்தார்கள். ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதில் 36 துண்டுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர், 16-வது துண்டு பள்ளிக்கூடத்துக்கு. தென்கரையில், கென்டக்கியில், வர்ஜீனியா வழக்கப்படி “வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடை வளைவு வரை” என்ற பாணியில் எல்லை சொன்னார்கள், அதனால் ஒரே நிலத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடும் வில்லங்கம் சகஜம். அந்தப் பதிவுகளை மாநில அரசிடம்தான் தேட வேண்டும், ஜிஎல்ஓ தளத்தில் மணிக்கணக்கில் தேடினாலும் வராது. பிரெஞ்சு ஊர்களில் இன்னொரு மாதிரி, ஆற்றை ஒட்டிக் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் வெட்டிய வயல் பட்டைகள். இன்றைய தெருக்கள்கூடப் பல இடங்களில் அந்தக் கோட்டிலேயே ஓடும். இன்னொன்று, ஒஹாயோ ஆற்றில் கென்டக்கியின் எல்லை 1792-ல் வடகரையில் இருந்த தாழ்நீர் மட்டம் வரை போகிறது, ஆகவே தீவுகளைப் பற்றித் தேடினால் கென்டக்கிப் பக்கம் பாருங்கள்.

விலையும் முக்கியம். 1785-ல் ஏக்கர் ஒரு டாலர், ஆனால் குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டும். சாதாரணக் குடியானவனால் முடியாது, கம்பெனிகளும் பெரும்புள்ளிகளும்தான் வாங்கினார்கள். 1800-ல் 320 ஏக்கர், ஏக்கர் 2 டாலர், தவணையில் கட்டலாம். 1820-ல் தவணையை ஒழித்து 80 ஏக்கர், ஏக்கர் 1.25 டாலர், ரொக்கம் மட்டும். 1844-ல் ஊர் அமைப்பதற்கென்றே 320 ஏக்கர் வரை அதே 1.25 டாலர் விலையில் எடுக்கும் சட்டம் வந்தது. உங்கள் ஊர் எந்தச் சட்டத்தின் காலத்தில் பிறந்தது என்று தெரிந்தால், அதை ஏன் ஒரு கம்பெனி தொடங்கியது, இன்னொன்றை ஏன் பத்துப் பதினைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து தொடங்கினார்கள் என்பது தானாக விளங்கும். கான்சாஸ் சிட்டி இரண்டாவது வகை. 1838-ல் 14 பேர் சேர்ந்து புரூடோம் குடும்பத்தின் பண்ணையை 4,220 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள், வழக்கு வந்து 1846 வரை மனை விற்பனை இழுத்துக்கொண்டே போனது. அந்த எட்டு வருடம் ஊர் ஏன் வளரவில்லை என்பதற்கு விளக்கம் நீதிமன்ற ஆவணங்களில்தான் கிடைக்கும்.

பட்டாவோடு சேர்த்து, அரசு சர்வேயர்களின் களக் குறிப்புகளையும் வாசியுங்கள். 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தவர்கள், ஒரு மைலுக்கு 80 சங்கிலி. போகிற வழியில் பார்த்த மரம், மண், ஆலை, பழைய பாதை, பூர்வகுடிக் கிராமம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார்கள். ஊர் பிறப்பதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அரிது.

மனைப்பிரிவு வரைபடத்தை விளம்பரமாக வாசியுங்கள்

சதுரச் சதுரமாகத் தெருக்கள், நடுவில் சதுக்கம், நீதிமன்றத்துக்கு இடம், கல்லூரிக்கு இடம், கரையில் பொதுப் படகுத்துறை. பார்க்க ஒரு முழு நகரம் போலவே இருக்கும். பெரும்பாலான நேரம் அது அன்று காடு. வரைபடம் என்பது கிழக்கே இருந்த முதலீட்டாளருக்குக் காட்ட அச்சடித்தது, அங்கே எத்தனை வீடு இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஒஹாயோவும் மிசிசிப்பியும் சேரும் முனையில் இருக்கும் கெய்ரோவை 1818-லேயே காகிதத்தில் நகரமாக்கிவிட்டார்கள், முயற்சி அப்படியே படுத்துவிட்டது. 1837-ல் இன்னொரு கம்பெனி வந்து கரை கட்டி, ஆள் சேர்த்து, சில வருடங்களில் அதுவும் திவாலானது. வரைபடத்தில் அதைவிட அருமையான இடம் கிடைக்காது, ஆனால் தாழ்வான நிலம், இரண்டு பக்கமும் வெள்ளம். எனவே மனைப்பிரிவு பதிவான தேதியோடு, எத்தனை மனை விற்றது, வரி கட்டியவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தோற்ற ஊர்களையும் தேடுங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், பலரும் செய்யாததும் இதுதான். பிழைத்த ஊரை மட்டும் பார்த்தால் அது பிழைத்தே ஆக வேண்டியது போலத் தோன்றும்.

நியூ ஜெர்சிக்காரர் ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ், ஒஹாயோ ஆற்றில் கலக்கும் இரண்டு மயாமி ஆறுகளுக்கு நடுவே 10 லட்சம் ஏக்கர் கேட்டார் (1794-ல் கடைசியாகப் பட்டா கிடைத்தது சுமார் 3.11 லட்சம் ஏக்கருக்கு மட்டும், இடையில் தன்னுடையது அல்லாததையும் விற்றுத் தள்ளியிருந்தார்). அவர் நிலத்தில் சில மாத இடைவெளியில் மூன்று ஊர்கள் எழுந்தன. 1788 நவம்பரில் கொலம்பியா, டிசம்பர் கடைசியில் லோசன்டிவில், 1789 பிப்ரவரியில் சிம்ஸ் தானே தொடங்கிய நார்த் பெண்ட். முதலில் வந்தது கொலம்பியா, மண்ணும் அங்கேதான் நன்றாக இருந்தது. 1789 ஜனவரியிலேயே வெள்ளம் வந்து ஊரை முக்கிவிட்டது. முதலாளியின் ஆதரவு இருந்தது நார்த் பெண்டுக்கு. ஆனால் ராணுவம் ஃபோர்ட் வாஷிங்டன் கோட்டையை 1789-ல் கட்டியது நடுவில் இருந்த லோசன்டிவில்லில். கோட்டை என்றால் பாதுகாப்பு மட்டும் இல்லை, மாவும் இறைச்சியும் வாங்கக் காசோடு நிற்கும் வாடிக்கையாளர்களும்கூட. 1790-ல் ஆளுநர் செயின்ட் கிளேர் வந்து ஊரின் பெயரை சின்சினாட்டி என்று மாற்றினார், மற்ற இரண்டும் பின்தங்கிப்போயின. கோட்டை ஏன் அங்கே வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. நார்த் பெண்டில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் இன்னொருவரின் கருவிழி மனைவியின் மேல் ஆசைப்பட, கணவன் அவளை லோசன்டிவில்லுக்குக் கூட்டிப்போக, அதிகாரியும் படையோடு பின்னாலேயே போனாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோட்டைக்கு இடம் பார்த்தவர் மேஜர் டௌட்டி, வெள்ளத்துக்கு மேலே இருந்த மேடு அவருக்குப் பிடித்தது என்பது கொஞ்சம் சப்பென்றிருக்கும் பதில், ஆனால் காகிதம் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

உங்கள் ஊருக்கு மேலும் கீழும் சுமார் 20 மைல் தூரத்துக்குப் பழைய வரைபடத்தில் என்னென்ன பெயர்கள் இருந்து மறைந்தன என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்ற பதிலில் உங்கள் ஊர் ஏன் ஜெயித்தது என்பதும் இருக்கும்.

அஞ்சலகமும் செய்தித்தாளும்

இதில் அதிக நேரம் போகாது. அஞ்சலக அதிகாரிகளின் நியமனப் பதிவுகளும், அஞ்சலகம் எங்கே அமைந்தது என்ற விண்ணப்பப் படிவங்களும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நியமனப் பதிவுகள் 1832 முதல், இடப் படிவங்கள் 1837 முதல். படிவத்தில் அருகிலுள்ள ஆறு எது, எந்தப் பக்கம், எத்தனை தூரம் என்று கேட்டிருப்பார்கள், கையால் வரைந்த படம்கூட இருக்கலாம். செய்தித்தாள்களுக்குக் காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்கிளிங் அமெரிக்கா என்ற இணையத் தொகுப்பு. தலையங்கத்தை விடுங்கள், விளம்பரப் பத்தியைப் படியுங்கள்: படகுத்துறைக் கட்டணம், வந்த சரக்கு, விற்பனைக்கு மனை, தப்பி ஓடிய அடிமையைப் பிடித்தால் பரிசு. ஊரை நிஜமாகக் கட்டியவர்கள் பலர் இந்தக் கடைசி வகை விளம்பரத்திலும் பண்ணையாரின் சொத்துப் பட்டியலிலும் மட்டுமே தென்படுவார்கள்.

இப்போது அந்தத் தேதிக்கு வாருங்கள்

ஓரமாக வைத்த தாளை எடுங்கள். அந்தக் கதையை முதன்முதலில் எழுதியது யார், எப்போது? பெரும்பாலும் 1870-கள், 80-களில் வந்த கவுண்டி வரலாறுகளில் போய் முடியும். முன்பணம் கட்டியவர்களை வைத்து அச்சடித்த தொகுதிகள் அவை, கூடக் கொடுத்தவருக்கு வாழ்க்கைக் குறிப்பும் படமும் பெரிதாக வரும். பயன்படாது என்று சொல்லவில்லை, யார் காசு கொடுத்தார் என்று பார்த்துவிட்டுப் படியுங்கள் என்கிறேன்.

சில கதைகள் சோதனையில் தேறும். வில்லாமெட் கரையில் இருக்கும் போர்ட்லேண்டுக்குப் பெயர் வைக்க அசா லவ்ஜாயும் ஃபிரான்சிஸ் பெட்டிகுரோவும் 1845-ல் காசு சுண்டினார்கள் என்பது கட்டுக்கதை போலத்தான் இருக்கும், ஆனால் அந்த 1835-ஆம் வருடத்து ஒரு செண்ட் காசு ஒரெகான் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. லவ்ஜாய் ஜெயித்திருந்தால் இன்று அது இன்னொரு பாஸ்டன். சில கதைகளில் நல்ல சாட்சியே தடுமாறும். செயின்ட் லூயிஸ் தொடங்கியபோது அங்கே இருந்த ஆகஸ்ட் ஷூட்டோ பல வருடம் கழித்துத் தன் கையாலேயே எழுதி வைத்தார், அப்படியும் அது பிப்ரவரி 14-ஆ 15-ஆ என்ற வாதம் ஓயவில்லை. அதே கையெழுத்துப் பிரதியில், அந்தப் பக்கம் வந்து தங்கிய மிசௌரியா பூர்வகுடிப் பெண்களும் குழந்தைகளும்தான் முதல் பெரிய வீட்டின் நிலவறைக்கு மண் தோண்டினார்கள் என்றும் இருக்கிறது. தேதியைப் பற்றிச் சண்டை போட்ட அளவுக்கு இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எழுதும்போது ஒரே தேதியைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒப்பந்தம், பட்டா, மனைப்பிரிவு, அஞ்சலகம், நகராட்சி என்று எல்லாத் தேதிகளையும் வரிசையாக வைத்து, எது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். விழா மலரில் வரும் தேதிக்கு எதிரே “முதலில் எழுதப்பட்டது 1880” என்று இருந்தால் படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். எங்கே நிறுத்துவது என்றால், ரயில் பாலத்தில். கான்சாஸ் சிட்டியில் மிசௌரியின் மேல் ஹனிபல் பாலம் திறந்தது 1869 ஜூலை 3-ல், அந்தப் பாலத்துக்காகப் போட்டி போட்ட பக்கத்து ஊரான லெவன்வொர்த் அதோடு பின்தங்கியது. அதற்குப் பிறகு ஊரின் தலையெழுத்தை எழுதுவது படகுத்துறை இல்லை, அதற்கு ரயில்வே கம்பெனியின் கணக்குப் புத்தகங்களைத் தேட வேண்டும்.